உள்ள யார்னா கீறாங்களா?

எந்தக் கதவின் முன்னால் நின்றாலும் அவர் முதலில் ஒரு கேள்வி கேட்பார். "உள்ள யார்னா கீறாங்களா?"

பதில் வரும்வரை கை தாழ்ப்பாளைத் தொடாது. ஃப்ரீசர் அறைக் கதவுக்கு அந்தக் கேள்வி நியாயம். ஸ்டோர் ரூமுக்குக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் அலுவலகத்தில் ஒயர்கள் வந்து சேரும் இரும்பு அலமாரி ஒன்று உண்டு; ஒரு பூனை நுழைந்தால் வால் வெளியில் நிற்கும். அதைத் திறக்கும்போதும் கேட்பார். முதலில் நாங்கள் சிரித்தோம். கொஞ்ச நாளில், அலமாரிக்குள்ளிருந்து யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று எனக்கே உள்ளூர ஒரு கலக்கம் வர ஆரம்பித்தது. பயம் சளி மாதிரி. ஒருவர் தும்மினால் போதும்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அச்சில் தன் பெயரைப் பார்த்தால் கோர்ட்டு சம்மன் என்று நினைத்துப் படுத்த படுக்கையாகிவிடுவார். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் 'யக்கா'. அவரைவிட மூத்தவரான இஞ்சின் ரூம் தனபாலுக்கும் யக்காதான். நாற்பதைத் தாண்டியவர், ராயபுரத்தில் மீன்காரர் தெரு ஒன்றில் வீடு. சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை, கழுத்தில் மாதா டாலர், தோளில் ஒரு பை. பையில் கட்டிங் பிளேயருக்கும் டெஸ்டருக்கும் மேலே, கைபட்டதும் கிடைக்கிற இடத்தில், எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு துண்டும் இருக்கும். தண்ணீர் குடிப்பதற்கல்ல. அம்மோனியா வாடை அடித்தால் துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே ஓடுவதற்கு. கேட்டுக்குள் நுழையும்போதே மொட்டைமாடியில் பறக்கும் கட்சிக்கொடி அளவுத் துணியைப் பார்த்துவிடுவார், இன்றைக்கு எந்தப் பக்கம் ஓட வேண்டியிருக்கும் என்று.

எங்கள் கம்பெனி திருவொற்றியூரில் இருந்தது. இறாலையும் மீனையும் உறையவைத்துக் கப்பலேற்றுகிற தொழில். முன்பக்கம் அலுவலகம், நடுவில் லாரி நிற்கும் முற்றம், பின்பக்கம் குளிர்க்கிடங்கு. அந்தக் கிடங்கை உறையவைப்பது அம்மோனியா. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை வாழ்கிறவர்கள் எந்த வாடைக்கும் ஒரு கணம் நின்று, இது கருவாடா, சாம்பலா, கேஸா என்று மூக்கால் விசாரித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார்கள். நான் காலடிப்பேட்டைவாசி. நானும் விசாரிப்பேன். ஆனால் முகத்தில் தெரியாமல் விசாரிப்பேன். நான் பயந்தாங்கொள்ளி என்பது என் மனைவிக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயமாக அதுவரை இருந்தது.

கம்பெனியில் நான் நிர்வாக அலுவலர். யாருக்கும் வேண்டாத வேலைகள் வந்து ஒதுங்கும் கரைக்கு அப்படி ஒரு பெயர். ஒருநாள் சின்ன முதலாளி கூப்பிட்டு, கிடங்கு முழுக்க வைஃபை கொண்டுவர வேண்டும், இருக்கிற ஒயர் நெட்வொர்க்கோடு அதைச் சேர்க்க வேண்டும், நீங்கள்தான் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றார். எனக்கு அதில் ஒன்றும் தெரியாதே என்றேன். "நீங்கதான் நெறைய புக்கு படிக்கிறவராச்சே சார்" என்றார். நான் படிக்கிற புத்தகங்கள் நாவல்கள் என்று விளக்க அவருக்கு நேரமில்லை.

விஷயம் இதுதான். ஃப்ரீசருக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் பெட்டி எண்ணை அட்டையில் எழுதி வெளியே கொண்டுவந்து கொடுப்பார்கள். உறைந்த கையில் எழுதிய மூன்றும் எட்டும் ஒரே முகமாக இருக்கும். கையில் ஸ்கேனரைக் கொடுத்துவிட்டால் பெட்டியைக் காட்டியவுடனே கணக்கு அலுவலகத்துக்குப் போய்விடும். ஸ்கேனருக்கு வைஃபை வேண்டும். வைஃபைக்கு அறைக்கு அறை வெள்ளைப் பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிகள் பழைய ஒயர்களோடு சேர வேண்டும். பழைய ஒயர்களோ, பல காலத்தில் பல பேர் இழுத்துவிட்டவை. எது எங்கே போகிறது என்று இழுத்தவர்களுக்கே தெரியாது. இதைச் செய்ய வந்த கான்டிராக்டர்தான் அவர்.

வந்த அன்றே சின்ன முதலாளி, எப்போது முடியும் என்று கேட்டார். மற்ற கான்டிராக்டர்கள் என்றால் ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். இவர் கூரையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார்.

"பயமா கீது சார்" என்றார்.

எதற்குப் பயம் என்று முதலாளி கேட்டார்.

"இன்னும் தெர்ல சார். தெரிஞ்சா பாதி பயம் பூடும்."

அவருக்கு வேலை கிடைத்தது எப்படி என்பது எனக்கு இன்றும் புரியாத ஒன்று. ஒருவேளை முதலாளி அதைத் தன்னடக்கம் என்று எண்ணியிருக்கலாம். அது தன்னடக்கம் அல்ல. ஏணிக்குப் பயம். கீழே ஒருவர் பிடித்தால் போதாது, இருவர் பிடிக்க வேண்டும். அந்த இருவரும் பேசக் கூடாது. கேட்டிலிருந்த நாய்க்குப் பயம். அது வயதாகி, குரைப்பதையே விட்டுவிட்ட நாய். குரைக்காத நாய் என்ன யோசிக்கிறதென்று தெரியாதே என்பார். ஒயரைத் தொடும் முன் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். அது கரண்ட் இல்லாத நெட்வொர்க் ஒயர் என்று தெரிந்தும். ஃப்ரீசருக்குள் போகும் முன் கதவை மூடச் சொல்லி, உள்ளிருந்து தள்ளும் குமிழைத் தள்ளித் திறந்து பார்ப்பார். அதற்குப் பிறகும், வெளியே ஒருவரை நிற்கவைக்காமல் உள்ளே போக மாட்டார். பெரும்பாலும் நிற்கவைக்கப்பட்டவன் நான்.

தனபாலுக்கு இதெல்லாம் நல்ல தீனி. "யக்கா, டீ சூடா கீது, உள்ள யார்னா கீறாங்களான்னு கேட்டுட்டுக் குடி" என்பார். யக்கா சிரிக்க மாட்டார். டம்ளருக்குள் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

வைஃபை எங்கெங்கே எட்டுகிறது என்று பார்க்க அவரும் நானும் கிடங்கு முழுக்க நடந்தோம். அவர் கையில் போன், என் கையில் ஒன்றுமில்லை, நான் தைரியத்துக்கு. காலி அறையில் நன்றாக எட்டுகிற அலை, சரக்கு கூரைவரை அடுக்கியதும் பாதியில் செத்துவிடும். இரும்புத் தகட்டுச் சுவருக்குள் வெளி உலகத்து சிக்னல் நுழையவே நுழையாது. அவர் ஓரிடத்தில் நின்று, காற்றைக் கையால் துழாவியபடி கேட்டார்:

"ஒயர்னா புடிச்சிகினே போனா எங்க அறுந்துகீதுன்னு தெரியும். இது அறுந்தா எங்க சார் போய்த் தேடுறது?"

கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். அந்தப் புத்தகங்கள் எதிலும் இதற்குப் பதில் இல்லை.

அன்றைக்குத்தான் அந்தக் கேள்வியைப் பற்றியும் கேட்டேன். ஏன் எல்லாக் கதவிடமும் கேட்கிறீர்கள்? அவர்கள் தெருவில் கடலுக்குப் போன படகு திரும்பினால் பெண்கள் முதலில் மீனைப் பார்க்க மாட்டார்களாம். தலையை எண்ணுவார்களாம். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் கூடையை எடுப்பார்களாம். "எங்கம்மா எண்ணும்போது வாய் தெறந்து எண்ணாது சார். ஒதடு மட்டும் ஆடும். எனக்கு அந்த ஒதடுதான் பயம்" என்றார். பிறகு டெஸ்டரை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக் கதவில் போய் நின்று, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

பயந்தவர்கள் எதையும் இரண்டாக வைத்துக்கொள்வார்கள். அவரிடம் இரண்டு போன், இரண்டு பேனா, காக்கிச் சட்டையில் ஒவ்வொரு பட்டனுக்கும் துணையாக ஓர் ஊக்கு. அலுவலகத்துக்கும் கிடங்குக்கும் நடுவே முற்றத்தின் மேல் பழைய ஒயர் ஒன்று போயிற்று. உப்புக்காற்றில் அது உளுத்துப்போய், மழை பெய்தால் வேலை செய்யாது. அதற்குப் பதிலாக இரண்டு மொட்டைமாடிகளிலும் ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டு பெட்டிகளைப் பொருத்தினார். ஒயரில்லாமலே செய்தி முற்றத்தைத் தாண்டியது. நன்றாகத்தான் தாண்டியது. பழைய ஒயரை அறுத்து எறிந்துவிடலாமா என்று தனபால் கத்தியோடு வந்தார்.

"அறுக்காத தனபாலு. காத்துல போறது என்னிக்காவது பூட்டா? இது கெடக்கட்டும், ஒரு தெகிரியத்துக்கு."

ஆகவே பழைய ஒயரின் நுனி, சிவப்பு டேப் சுற்றப்பட்டு, அலுவலக அலமாரியில் எதிலும் செருகப்படாமல் தொங்கியது. வைஃபை செத்தால் மட்டும் அதைச் செருக வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாது. இதை எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம்.

அடுத்தது மணி. ஃப்ரீசருக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்த, கதவருகே ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் இஞ்சின் ரூம் பக்கம் ஒரு மணி அடிக்கும். கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்தில் அது அடித்ததைக் கேட்டவர்கள் குறைவு. அவருக்கு அது தூக்கத்தைக் கெடுத்தது. பொத்தானை நெட்வொர்க்கில் சேர்த்துவிட்டால் கம்பெனியில் உள்ள அத்தனை பேர் போனும் ஒரே நேரத்தில் அலறும் என்று அவரே யோசனை சொன்னார். சேர்த்தார். சோதித்துப் பார்த்த அன்று நான் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தேன். போன் அலறிய அலறலில் பாயசம் பரிமாறியவர் வாளியை என் மடியில் வைத்துவிட்டார். எல்லோருக்கும் திருப்தி. துருப்பிடித்த பழைய மணியைக் கழற்றிப் பரணில் போட்டார்கள்.

இப்படியாக, பயத்தின் பேரில் எல்லாம் பத்திரமாக அமைந்திருந்தபோது ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பக்கம் ஆயுத பூஜை என்றால் ஆணி முதல் ஜெனரேட்டர் வரை எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலுக்கு வாசல் வாழைக்கன்று கட்ட வேண்டும். தனபால் அதற்குத் தலைமை. அவர் பார்வையில் குங்குமம் படாத யந்திரம் அடுத்த வருஷம் பழிவாங்கும். முற்றத்துப் பூஜை முடிந்து பொரிகடலை கொடுக்கும் நேரத்தில் அவர் என்னிடம் வந்து, கிடங்கில் எல்லாத்துக்கும் வைத்தாயிற்று, மூன்றாம் ஃப்ரீசருக்குள் இருக்கிற அந்த வெள்ளைப் பெட்டிக்கு மட்டும் வைக்கவில்லை, அதுவும் யந்திரம்தானே சார் என்றார்.

எனக்கு இந்த விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. ஆனால் வைக்காமல் விட்டு, அது கெட்டுப்போனால்? நம்பிக்கை இல்லாதவனுக்கும் பயம் உண்டு. நானே வைத்துவிட்டு வருகிறேன் என்று வெண்கலக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். புது வேட்டி, அரைக்கைச் சட்டை. ஒரு நிமிஷ வேலை. மாட்டியிருக்கிற பெரிய குளிர்க்கோட்டைப் போட்டால் புதுச்சட்டை கசங்கிவிடும் என்று அதைப் போடவில்லை. வெளியே நிற்பதற்கும் யாரையும் கூப்பிடவில்லை; கூப்பிட்டால் என்னையும் யக்கா என்பார்கள்.

உள்ளே போனேன். கதவு தானாக மெல்ல வந்து மூடிக்கொள்ளும் வகை. பெட்டி அறையின் கடைசியில் இருந்தது. இறால் பெட்டிச் சந்துகளின் வழியே போய், சந்தனம் இட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தேன். பெட்டியின் பச்சை விளக்கு அமைதியாக மினுக்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெறிபிடித்ததுபோல் படபடக்க ஆரம்பித்தது. குங்குமம் வேலை செய்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்போது விளக்கு அணைந்தது. பெட்டியின் விளக்கல்ல, அறையின் விளக்கு.

விளக்கின் சுவிட்ச் வெளியே இருந்தது. யாரோ சிக்கனமானவர். குரல் கொடுத்தேன். அந்தச் சுவருக்குள் குரல் கொடுப்பதும் தலையணைக்குள் குரல் கொடுப்பதும் ஒன்று. போனின் விளக்கைப் போட்டுக்கொண்டு, இறால் பெட்டிகளில் இடித்துக்கொண்டு கதவுக்கு வந்து குமிழைத் தள்ளினேன். தள்ளியது நகரவில்லை. இரண்டு கையால் தள்ளினேன். தோளால் தள்ளினேன். குமிழைத் தள்ளினால் வெளியே உள்ள நெம்புகோல் மேலே எழும்ப வேண்டும், அப்போதுதான் கதவு திறக்கும். அது எழும்பவில்லை. ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது.

பரவாயில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொத்தான் இருக்கிறதே. அழுத்தினேன். பொத்தானில் சிவப்பு விளக்கு எரிந்தது. இந்நேரம் முற்றத்தில் அத்தனை போனும் அலறும், பொரி சிதறும், எல்லோரும் ஓடிவருவார்கள். காத்திருந்தேன். பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அத்தனை பேர் போனும் அலறும் என்றால் என் கையில் இருக்கும் போனும் அல்லவா அலற வேண்டும்?

அது அலறவில்லை.

போனைப் பார்த்தேன். வைஃபை கோடு அத்தனையும் நிறைந்திருந்தது. வாழ்நாளில் அவ்வளவு நிறைந்து நான் பார்த்ததில்லை. தனபாலைக் கூப்பிட்டேன், போகவில்லை. சின்ன முதலாளிக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டிக்கொண்டு ஒன்றுமே போகாமல் இருப்பது எவ்வளவு பயங்கரம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அறையின் கடைசியில், இருட்டில், குங்குமம் வைத்த பெட்டி பைத்தியம் பிடித்ததுபோல் மினுக்கிக்கொண்டிருந்தது. "இது அறுந்தா எங்க சார் போய்த் தேடுறது?" என்று காதருகே கேட்டது.

திடீரென்று மேலே குளிர்விசிறி சுற்ற ஆரம்பித்தது. வேட்டிக்குள் காற்று புகுந்தது. கேஸ் வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்த்தேன். மூக்கே எனக்கு இல்லை. குளிரில் சாகிறவர்களுக்குக் கடைசியில் உடம்பு இதமாகத் தோன்றும் என்று எப்போதோ ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். படித்திருக்கக் கூடாது. கால்விரல் வலித்தபோது, நல்லவேளை வலிக்கிறது என்று ஆறுதல்பட்டேன். கொஞ்ச நேரத்தில் வலி நின்றது. அதன்பிறகு நான் பயந்த பயத்தை வர்ணிக்க மாட்டேன். மனைவியை நினைத்தேன், பிள்ளைகளை நினைத்தேன் என்றெல்லாம் எழுதினால் கௌரவமாக இருக்கும். நான் நினைத்தது, பெட்டி எண்ணும்போது என்னையும் இறாலோடு ஸ்கேன் செய்துவிடுவார்களோ என்றுதான். அழுதேன். கண்ணீர் இமையில் ஒட்டிக்கொண்டது.

வெளியே நடந்ததைப் பிறகு சொன்னார்கள்.

அலுவலகத்தில் கம்ப்யூட்டர்கள் ஒன்றுபோல் நின்றுவிட்டன. ஸ்கேனர்கள் நின்றன. கேட்டில் துறைமுகம் போக வேண்டிய கன்டெய்னர் லாரி. கப்பலுக்கு ஆயுத பூஜை தெரியாது. கேட் பாஸ் அடிக்க நெட்வொர்க் வேண்டும். சின்ன முதலாளி பட்டு வேட்டியோடு முற்றத்தில் அங்கும் இங்கும் நடந்தார். அந்த நேரம் பார்த்து, பூஜைப் பொரி வாங்க யக்கா கேட்டுக்குள் நுழைந்தார். மொட்டைமாடித் துணியைப் பார்த்தார். நாயைச் சுற்றி வந்தார். முதலாளி அவரைக் கையைப் பிடிக்காத குறையாக அலமாரியிடம் இழுத்துப் போனார். அலமாரியைத் திறந்தால் உள்ளே அத்தனை விளக்கும் ஒரே தாளத்தில் படபடத்தன. அதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டதாம். ஒயரைத் தேடவில்லை. பையைத் திறக்கவில்லை. திரும்பி நின்று கேட்டாராம்:

"உள்ள யார்னா கீறாங்களா?"

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. பூஜை நாளில் உள்ளே யார் இருக்கப்போகிறார்கள், முதலில் இதைச் சரிசெய்யுங்கள், லாரி நிற்கிறது என்றார். எப்போதும் முதலாளிக்கும் பயப்படுகிற அவர், அன்றும் பயந்தார். "சரி பண்றேன் சார். மொதல்ல எண்ணிட்டு வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டு, முற்றத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்து உதடு மட்டும் அசைய எண்ணினாராம். எண்ணி முடித்து, "தனபாலு, சார் எங்க?" என்று கேட்டார். பொட்டு வைத்துவிட்டு அப்போதே திரும்பியிருப்பாரே என்றாராம் தனபால்.

அவ்வளவுதான். அதுவரை யாரும் என்னைத் தேடவில்லை என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிர்வாக அலுவலர் இல்லாததை யாரும் கவனிப்பது வழக்கமில்லை.

முதல் ஃப்ரீசர் கதவை அவர் கட்டிங் பிளேயரால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். இரண்டாவதைத் தட்டினார். மூன்றாவதைத் தட்டியபோது எனக்கு எங்கோ வெகுதூரத்தில் எறும்பு நடப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. சந்தனக் கிண்ணத்தால் கதவை அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன்.

கதவின் வெளி நெம்புகோலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. கட்டியவர் தனபால். மீதியிருந்த கன்றுகளை வாசலுக்கு வாசல் கட்டிக்கொண்டு வந்தவர், கதவு மூடியிருப்பதையும் விளக்கு எரிவதையும் பார்த்து, நான் பொட்டு வைத்துவிட்டு விளக்கை அணைக்காமல் போய்விட்டேன் என்று அணைத்துவிட்டு, கன்றைக் காற்றில் சாயாதபடி நெம்புகோலோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார். அவர் கட்டினால் சாயாது. அந்தக் கயிற்றை யக்கா பிளேயரால் அறுத்தார். கதவு திறந்தது. வெளிச்சத்தில், புருவமெல்லாம் வெள்ளை பூத்து, உள்ளங்கை இரண்டும் குங்குமச் சிவப்பாக, வேட்டியில் நான் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் ஏசுவைக் கூப்பிட்டுக்கொண்டு முற்றம்வரை ஓடிவிட்டார்.

பிறகு திரும்பி வந்தார். பையிலிருந்த துண்டை எடுத்து என் தலையில் சுற்றினார்.

"பேரு சொல்லு சார். உன் பேரு இன்னா?"

சொன்னேன். பதவியையும் சேர்த்துச் சொன்னேனாம்.

"உள்ள வேற யார்னா கீறாங்களா?"

இல்லை என்றேன். நம்பவில்லை. கதவுக்குக் குறுக்கே தன் உடம்பைக் கொடுத்து நின்றுகொண்டு, தனபாலை உள்ளே அனுப்பி, சந்து சந்தாகப் பார்த்து வரச் சொன்னார். அதுவரை அழுதுகொண்டிருந்த தனபால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்து, பெட்டிக்கு மட்டும் பொட்டு இருக்கிறது என்று வந்து சொன்னார்.

நெட்வொர்க் நின்ற காரணம் பிறகு தெரிந்தது. கணக்குப் பிரிவு சரோஜா அலமாரியைத் துடைத்துப் பொட்டு வைத்தபோது சிவப்பு டேப் சுற்றிய ஒயர் ஒன்று அனாதையாகத் தொங்கியிருக்கிறது. பூஜை நாளும் அதுவுமாக ஒன்றும் அந்தரத்தில் தொங்கக் கூடாது என்று, டேப்புக்கும் ஒரு பொட்டு வைத்து, காலியாக இருந்த ஒரு துளையில் செருகிவிட்டார். அவ்வளவு பக்தியாகச் செய்ததை யார் குறை சொல்ல முடியும்? அலுவலகத்திலிருந்து கிளம்பிய செய்தி வைஃபையில் கிடங்குக்குப் போய், பழைய ஒயர் வழியாக அலுவலகத்துக்கே வந்து, மறுபடி வைஃபையில் போய், நிலைக்கு வராத தேர் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் பின்னால் புதுத் தேர்கள் சேர்ந்துகொண்டன. தெரு முழுக்கத் தேரானபின் என் பொத்தானின் கூப்பாடு எந்தச் சந்தில் நுழையும்?

யக்கா அந்த ஒயரை உருவினார். விளக்குகள் ஒவ்வொன்றாக அமைதியாயின. அந்த நொடியில் முற்றத்தில் இருந்த அத்தனை போனும் அலறின. என் போனும் அலறியது. மூன்றாம் ஃப்ரீசரில் ஆள் மாட்டிக்கொண்டிருப்பதாக எனக்கே செய்தி வந்தது.

லாரி போனது. முதலாளி என் தோளைத் தட்டிக்கொடுத்தார், மருத்துவமனைக்கு வண்டி சொன்னார். யக்கா மட்டும் அலமாரிக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் பல் இன்னும் தந்தி அடித்துக்கொண்டிருந்தது.

"அந்த ஒயர அன்னிக்கே தனபாலு அறுக்கறேன்னான். நாந்தான் வுடல. ஒண்ணு பூட்டா இன்னொண்ணு வோணுமேன்னு பயந்துகினு வெச்சேன். மணியக் கழட்டி இதுல சேத்ததும் நாந்தான். காதுல வுழாம பூடுமோன்னு பயந்துகினு."

நீங்கள் பயப்படாதவராக இருந்திருந்தால் இந்நேரம் நான் இறாலோடு கப்பலேறியிருப்பேன் என்றேன். அது நல்ல நகைச்சுவை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

"சின்ன வயசுலேர்ந்து எல்லாத்துக்கும் பயந்துகினுதான் சார் கீறேன். பயந்தா பத்தாதா? வேற இன்னாதான் சார் பண்ணணும்?"

தலையில் சுற்றியிருந்த துண்டின் ஒரு முனையை அவரிடம் நீட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுவாரம் அவர் தன் கையாலேயே முற்றத்தின் மேல் போன பழைய ஒயரை அறுத்தார். அறுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். பரணிலிருந்து பழைய மணியை இறக்கித் துருவைச் சுரண்டினார். பொத்தானிலிருந்து மணிக்குத் தனியாக ஒரு புது ஒயர் இழுத்தார். அது வைஃபையோடும் சேராது, பழைய நெட்வொர்க்கோடும் சேராது, ஒருவரோடும் உறவு வைத்துக்கொள்ளாது. கூடவே பெரிய சத்தக்காரியாக இன்னொரு மணியையும் தெருவைப் பார்த்து மாட்டினார். போன் அலறுவதும் இருந்தது. வாழைக்கன்று கட்ட, கதவைவிட்டுத் தள்ளி சுவரில் வளையம் அடித்துக் கொடுத்தார்.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பார்க்க வேண்டும். யாராவது ஒருவர் மூன்றாம் ஃப்ரீசருக்குள் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். தனபால் சாப்பிடப் போயிருந்தார். கதவருகே நாங்கள் இருவர் மட்டும்.

நீங்கள் போங்கள் என்றேன். நீ போ சார் என்றார். நான் ஏற்கெனவே போய்வந்தவன் என்றேன். அதான் வழி தெரியுமே என்றார். எனக்குக் கால் வரவில்லை. அவருக்கும் வரவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளிருந்து வருகிற வெள்ளைப் புகையைப் பார்த்தபடி இரண்டு பேரும் நின்றோம். இரண்டு கோழைகள் ஒரே வாசலில் ஒரு கையளவு இடைவெளியில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். சேர்ந்தே போய்விடலாம்.

குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டு சேர்ந்தே போனோம். அவர் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார், அல்லது நான் அவருடையதை. பொத்தானை நான் அழுத்தினேன். பழைய மணி அடித்தது, தெருப்பக்கத்து மணி அடித்தது, இரண்டு பேர் பையிலும் போன் அலறியது. திருவொற்றியூரே கேட்டிருக்கும். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு பரவியது. நல்ல சிரிப்பு. மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முன்னால் வந்திருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. கண் மெல்லக் கதவின் பக்கம் போனது. கதவு, அதன் வழக்கப்படி, யாரையும் அவசரப்படுத்தாமல் வந்து மூடிக்கொண்டிருந்தது.

"சார்," என்றார், மணிச் சத்தத்துக்கு நடுவே, மிக மெதுவாக. "வெளிய யார்னா கீறாங்களா?"

இரண்டு பேரும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வந்தோம். யார் முதலில் வந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை.